சிவப்புக் காரும் பெயர்ப் பலகையும்

லாரி மெக்கானிக்காகவே தலை நரைத்துப்போன ஆறுக்குட்டி, கார் வேலை பழகுவதற்காகச் சாந்தாமணியின் பட்டறையில் சேர்ந்திருந்தார். குருவுக்கு வயது சிஷ்யரைவிட ரொம்பக் குறைச்சல். குரு அவரை "அண்ணா" என்பாள். சிஷ்யர் குருவை "அம்மணி" என்பார். சிங்காநல்லூரில் யாரும் அதை வேடிக்கையாக நினைக்கவில்லை.

தனிக்கடை போட வேண்டும் என்பது ஆறுக்குட்டியின் ஆசை. கடைவீதிக் கோடியில் இடம்கூடப் பார்த்துவிட்டார். ஆசை முற்றிப்போய், 'ஆறுக்குட்டி மோட்டார்ஸ்' என்று நீளமாக ஒரு தகரப் பலகையும் எழுதி வாங்கி, பட்டறைக்குப் பின்னால் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தார். குருவுக்குத் தெரியாது என்பது அவர் நினைப்பு.

அப்போதுதான் அந்தப் பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. பார்க்க அழகு. ஓட்டினால்தான் வினை. கொஞ்சம் வேகம் எடுத்தால் பதறிப்போய் இந்த ஓரம் ஒரு பாய்ச்சல், அந்த ஓரம் ஒரு பாய்ச்சல்.

"இதை நேரா ஓட வெச்சுட்டீங்கன்னா, நீங்க தனிக்கடை போட்டுக்கலாங்கண்ணா," என்றாள் சாந்தாமணி.

ஆறுக்குட்டி ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டார். கழற்றினார், மாட்டினார், இறுக்கினார். முன்பக்கத்தில் அவர் மாற்றாத சாமான் பாக்கியில்லை. ஓட்டிப் பார்த்தால், போன தடவை மயிரிழையில் தப்பித்த பால்காரர் இந்தத் தடவையும் அப்படியே தப்பித்தார்.

"ஸ்டீரிங்கே கோளாறுங்க அம்மணி. வேற வாங்கோணும்," என்றார், அழாத குறையாக.

சாந்தாமணி கையைத் துடைத்துக்கொண்டாள்.

"தார்ப்பாய்க்குள்ள இருக்கற பலகையை எடுங்கண்ணா. கடைவீதி வரைக்கும் ஒரு நடை போயிட்டு வரலாம்."

ஆறுக்குட்டிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் திட்டு எதுவும் விழவில்லை. மனம் இரங்கிவிட்டாள் என்று மகிழ்ந்துபோய், பலகையின் முன்முனையைத் தோளில் வைத்தார். பின்முனையை அவள் பிடித்தாள்.

அவர் நேராகத்தான் நடந்தார். பலகை போய்த் தக்காளிக் கூடையைச் சாய்த்தது.

"ஏனுங்க, கண்ணைப் பொடனீலயா வெச்சிருக்கீங்க?" என்று கடைக்காரம்மா ஆறுக்குட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

ஒதுங்கி நடந்தார். நின்றிருந்த ஸ்கூட்டரில் இடித்தது.

"யோவ், விடிஞ்சதும் ஊத்தீட்டியா?" என்றார் ஸ்கூட்டர்காரர். பீடிகூடப் பிடிக்காத மனுஷனுக்கு மானம் போயிற்று.

பலகையை இறுக்கிப் பிடித்தார். இறுக்க இறுக்க இன்னும் கோணிக்கொண்டது. திரும்பிப் பார்த்தால், சாந்தாமணி கடைகளை வேடிக்கை பார்த்தபடியே பின்முனையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டு வருகிறாள்.

"அம்மணி! ஆட்டறது நீங்க, திட்டு வாங்கறது நானா?"

"முன்னாடி போறது நீங்கதானுங்களே."

ஆறுக்குட்டி நடுத்தெருவில் நின்றார். பிறகு பலகையோடு பட்டறைக்குத் திரும்பி, காரின் பின்பக்கம் ஜாக்கி போட்டார். பின்சக்கரத்தைக் கையால் அசைத்தார். அது பாட்டுக்கு இப்படியும் அப்படியும் போய் வந்தது. அதை அசையாமல் பிடித்திருக்க வேண்டிய ரப்பர் புஷ், விரல் பட்டதும் உதிர்ந்தது.

புதுசு போட்டதும் கார் கோடு கிழித்த மாதிரி ஓடியது. பால்காரர்கூட நின்று பார்த்துவிட்டுப் போனார்.

ஆறுக்குட்டிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"இனி பலகையை மாட்டிக்கலாங்களா அம்மணி?" என்று கேட்டுக்கொண்டே முன்முனையைத் தூக்கக் குனிந்தார்.

சாந்தாமணி அவரை விலக்கிவிட்டு, அந்த முனையைத் தன் தோளில் ஏற்றிக்கொண்டாள்.

"மாட்டிக்கலாங்கண்ணா. இந்தத் தடவை நீங்க பின்னாடி புடிங்க."