லேய் என்றால் நீங்க

குருவுக்கு வயது இருபத்தாறு. சிஷ்யருக்கு ஐம்பத்தெட்டு.

குரு எஸ்தர், இத்தாலியில் படித்துவிட்டு வந்து, பாளையங்கோட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் இத்தாலியன் சொல்லிக்கொடுப்பவள். சிஷ்யர் ஆறுமுகநயினார், ஓய்வுபெற்ற தாசில்தார். கோபம் மூக்குநுனியில் குடியிருந்தது.

போன வாரம் வினை வந்தது. மகள் கோமதி கட்டிக்கொள்ளப்போகிற இத்தாலிக்காரப் பையனின் அம்மா போனில் முகம் காட்டினாள். எடுத்த எடுப்பில், "லேய், டி தொவே?" என்றாள்.

திருநெல்வேலியில் வேலைக்காரனைக் கூப்பிடுகிற 'லேய்', அதுவும் தாசில்தாரைப் பார்த்து! ஐயா போனை வெட்டிவிட்டார். மகள் மூன்று நாள் சாப்பிடவில்லை. "வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு மறுபடி பேசுவாங்க. இன்னொரு தரம் வெட்டினா இந்தக் கல்யாணம் நடக்காதுப்பா" என்றாள்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஐயா மாடி ஏறினார்.

"டீச்சர், 'லேய், டி தொவே'ன்னு அந்தம்மா என்னதான் கேட்டாங்க?"

"நீங்க எந்த ஊருன்னு கேட்டாங்க, ஐயா."

"அதுக்கு எதுக்கு லேய்?"

"அங்கே லேய்னா 'நீங்க'. மரியாதைக்கு."

"அப்போ 'நீ'ங்கிறதுக்கு?"

"தூ."

ஐயா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"லேயே இருக்கட்டும். அந்த டி?"

"ஊர்க்காரன்னு சொல்லுதோம்லா, அந்தக் 'காரன்'தான் டி. சோனோ டி ஆழ்வார்குறிச்சி. நான் ஆழ்வார்குறிச்சிக்காரன்."

"ஆம்பளைக்கு டா கிடையாதா?"

"டாவும் இருக்கு. அது எங்கேயிருந்து வாரோம்னு சொல்ல. அவங்க கேட்டது டி. நீங்களும் டிதான் போடணும்."

"சம்பந்தியம்மாவைப் பாத்து டி! வெளங்கும்."

எஸ்தர் ஐம்பது தடவை "லேய்" என்றாள். ஐம்பது தடவையும் ஐயாவின் மீசை துடித்தது.

"புத்திக்கு ஏறிட்டு டீச்சர். காதுக்குத்தான் ஏறலை. இந்தக் காதை வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?"

அதற்குள் மணி நாலாகி ஐயாவின் போன் அடித்தது. எஸ்தர் எடுத்து அவர் முன்னால் நிறுத்தினாள். நிறுத்தும்போதே சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டாள்.

திரையில் நரைத்த தலை. உதடு அசைந்தது. லேய் என்றுதான் அசைந்தது. ஐயாவின் விரல் சிவப்புப் பொத்தானுக்குப் பாய்ந்தது.

பாதியில் நின்றது.

அந்தம்மாள் நாற்காலியை விட்டு எழுந்து நின்றிருந்தாள். கழுத்தில் முத்துமாலை. ஒரு கை நெஞ்சில். போன தடவை என்ன தப்புச் செய்தோம் என்று தெரியாத முகம்.

ஐயாவும் எழுந்தார். சட்டையின் மேல்பொத்தானைப் போட்டார்.

"சோனோ டி ஆழ்வார்குறிச்சி, லேய்!"

"யாருலே அது?" என்று கீழே ஜெராக்ஸ் கடைக்காரர் அண்ணாந்து பார்த்தார்.

அந்தம்மாள் வாயைப் பொத்திச் சிரித்தாள், கண்ணைத் துடைத்தாள், என்னென்னவோ பேசினாள். பத்து நிமிஷம். ஐயா தலையாட்டினார், சிரித்தார், ஓர் இடத்தில் மூக்கை உறிஞ்சினார். கடைசியில் கும்பிட்டுப் போனை வைத்தார்.

"டீச்சர், அந்தம்மா என்ன சொன்னாங்க?"

"எனக்கெப்படித் தெரியும்? சத்தத்தைத்தான் அடைச்சுட்டேனே. பத்து நிமிஷமா தலையாட்டினது நீங்க. என்ன சொன்னாங்க, ஐயா?"