தங்கப்பழம் காரை விட்டு இறங்காத கதை

கொக்கலாங்குளத்தில் தங்கப்பழம் என்றொருவர் கடனுக்குக் கார் வாங்கினார். வெள்ளை வெளேரென்ற கார். அதைப் பார்க்கப் பார்க்க அவருக்குக் கண் கலங்கும். மச்சினன்மார் கோமதியும் பிச்சாண்டியும் எப்போதும் கூடவே இருந்ததால் யோசனைக்குப் பஞ்சமில்லை.

காரை விற்றவர் சொன்னார்: “அண்ணாச்சி, வண்டி களவு போனா, சாதா இன்சூரன்ஸ்ல அன்னைக்கு வண்டி என்ன விலை போகுமோ அதுதான் கிடைக்கும். கடன் அதைவிடக் கூட நிக்கும். வண்டிக்கும் கடனுக்கும் நடுவுல விழுற இடைவெளிய அடைக்கத்தான் கேப் இன்சூரன்ஸ். இடைவெளி எவ்வளவுன்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க.”

பார்க்கச் சொன்னால் பார்க்க வேண்டுமில்லையா?

“வண்டி வாசல்ல நிக்கி. கடன் எங்கலே இருக்கு?” என்றார் தங்கப்பழம்.

“பேங்க்ல இருக்கு அத்தான்,” என்றான் கோமதி.

“ஐயையோ, நடுவுல ஒரு ஆறே ஓடுதே!” என்றார் தங்கப்பழம்.

பிச்சாண்டி மோவாயைத் தடவினான். “வண்டிய பேங்க்ல கொண்டுபோய் ஒட்டி நிறுத்திட்டா?”

நிறுத்தினார்கள். படிக்கட்டு இடைஞ்சலாக இருந்தது. மூவரும் மூச்சு முட்டத் தள்ளிப் படியேற்றி, பேங்க் கதவில் காரின் மூக்கை இடிக்க வைத்தார்கள். உள்ளே இருந்த யாரும் வெளியே வர முடியவில்லை. மேனேஜர் அம்மா ஜன்னல் வழியாகக் கத்தினார்.

“வண்டிய எடுங்கய்யா!”

“எடுத்தா இடைவெளி விழுந்துரும்மா. கடன் உள்ளதான இருக்கு?”

“கடன் இங்க இல்ல. உங்க தலைமேல இருக்கு!”

தங்கப்பழம் தலையைத் தடவிப் பார்த்தார். ஒன்றும் தட்டுப்படவில்லை. ஆனாலும் படித்த அம்மா பொய் சொல்வாரா? தலைக்கும் வண்டிக்கும் இனி இடைவெளி விழக் கூடாது என்று முடிவு செய்து, காரில் ஏறி வண்டியைப் படியிறக்கினார்.

அன்றிலிருந்து அவர் காரை விட்டு இறங்கவில்லை. சாப்பாடும் தூக்கமும் காருக்குள்தான். பிச்சாண்டி ஜன்னல் வழியாகக் குடத்தைக் கவிழ்ப்பான், குளியல் முடிந்துவிடும். சொந்தக்காரர் கல்யாணத்தில் கார் பந்தலுக்குள் நுழைந்தது. மொய்யை அவர் ஜன்னல் வழியாகவே நீட்டினார்.

“அத்தான், களவாணிப்பய வந்தா?” என்றான் கோமதி.

“வரட்டும்லே. வண்டியோட என்னையும் கொண்டுபோவான். என் தலையில இருக்க கடனும் அவன்கூடப் போயிருமே!”

மூவரும் ஜன்னல் வழியாகவே கட்டிப்பிடித்துக் கூத்தாடினார்கள். கேப் இன்சூரன்ஸ் வேண்டாமென்று அப்போதே முடிவாயிற்று. சந்தை முக்கில் காரை நிறுத்தி, சாவியை அதிலேயே விட்டு, தங்கப்பழம் பின்சீட்டில் படுத்துக்கொண்டார். மச்சினன்மார் வாழைக்காய்க் கடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்கள்.

ஒருவன் வந்தான். அக்கம்பக்கம் பார்த்தான். ஏறி வண்டியைக் கிளப்பினான். தங்கப்பழம் எழுந்து, அன்பாக அவன் தோளைத் தொட்டார்.

“தவணை மாசாமாசம் அஞ்சாந்தேதி, தம்பி.”

அவன் அலறிக் குதித்து ஓடினான். மச்சினன்மார் விடுவார்களா? துரத்திப் பிடித்து, சர்பத் வாங்கிக் கொடுத்து, மறுபடியும் ஸ்டியரிங் முன்னால் உட்கார வைத்தார்கள். அவன் கையெடுத்துக் கும்பிட்டு அழுதான்.

தங்கப்பழத்துக்கு மனசு ஆறவில்லை. பின்சீட்டிலிருந்து முன்னால் தாவி, அவனைப் பக்கத்து சீட்டுக்குத் தள்ளிவிட்டு, நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வண்டியை விட்டார். ஜன்னல் வழியே தலையை நீட்டிப் புகார் கொடுத்தார்:

“ஐயா, சாவிய கையில குடுத்தும் இந்தப் பய எங்க வண்டியத் திருட மாட்டேங்கான்!”