பயறு இரண்டு முறை அடுப்பேறிய கதை

அந்தக் காலத்தில், பயறுகளுக்குப் பேச்சு இருந்தபோது, மனிதர்களுக்கும் அவற்றுக்கும் ஓர் ஒப்பந்தம் இருந்தது. காலையில் பானைக்குள் இறங்கச் சொன்னால் இறங்கும். பகல் முழுக்க முணுமுணுத்துக்கொண்டே வேகும். ஆனால் பொழுது சாய்வதற்குள் தின்று முடித்துவிட வேண்டும். சூரியன் மலைக்குப் பின்னால் போய்க் குளிர்காற்று பானையின் வாயைத் தொட்டதோ இல்லையோ, மிச்சமிருக்கிற பயறுகள் "நேரமாச்சு, நேரமாச்சு" என்று ஒன்றையொன்று தட்டி எழுப்பும். விளிம்பில் ஏறிக் குதித்து, வாசலைத் தாண்டி, கொல்லைக்கு உருண்டோடி மண்ணுக்குள் புகுந்துகொள்ளும். கல்லை வைத்து மூடினாலும் கூச்சல் போட்டுப் பானையை உடைத்துவிடும். மறுநாள் புதுப் பயறு, புது விறகு, மறுபடி பகல் முழுக்க அடுப்படி.

இது கடலுக்கு அந்தப் பக்கம், இன்று நாம் மெக்சிகோ என்று சொல்கிற நாட்டில், ஒரு மலைச்சரிவில் நடந்தது. அந்தப் பயறு, நம் கடைகளில் ராஜ்மா என்று விற்கிறார்களே, அதற்குப் பங்காளி. பழுப்புத் தோலில் புள்ளி புள்ளியாக இருக்கும். அங்கே சாப்பாடு என்றால் மக்காச்சோள அடையும் அந்தப் பயறும்தான். கொல்லையிலும் இரண்டும் சேர்ந்தேதான் வளரும். சோளத்தட்டை நிமிர்ந்து நிற்கும், பயற்றங்கொடி அதைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறும்.

அந்தச் சரிவில் நெக்காவல் என்ற பெண்ணும் அவள் கணவன் மசாத்தும் குடியிருந்தார்கள். சுற்றி இன்னும் சில குடும்பங்கள். மேலே பாறை இடுக்கில் ஓர் ஊற்று. எல்லோருடைய கொல்லைக்கும் அந்த ஒரு தண்ணீர்தான்.

ஒரு வருஷம் சோளம் இடுப்பளவு வளர்ந்திருந்த சமயம், மலையில் மண் சரிந்தது. ஊற்று மூடிக்கொண்டது. தண்ணீரைப் பார்த்துவரப் போன மசாத்தின் வலது கால் ஒரு பாறைக்கு அடியில் மாட்டி முறிந்துபோனது. நாலு பேர் சேர்ந்து அவனைத் தூக்கிவந்தார்கள். எலும்பு கட்டுகிறவர் மூங்கில் வைத்துக் கட்டிவிட்டு, தேய்க்கச் சொல்லி ஒரு சாடி நிறையக் காட்டுப்பன்றிக் கொழுப்பைக் கொடுத்தார்.

"மழைக்காலம் வரைக்கும் காலை ஊன்றக் கூடாது" என்றார்.

கொல்லைகள் காய ஆரம்பித்தன. ஒவ்வொரு குடும்பமாக மூட்டை கட்டியது. மசாத்தின் தங்கை தெய்க்கு கடைசியாக வந்து வாசலில் நின்றாள். இடுப்பில் ஒரு பிள்ளை, முதுகில் ஒரு மூட்டை.

"அண்ணி, கீழ்நாட்டுக்குப் போறோம். நீங்களும் வாங்க."

"உங்க அண்ணனை யாரு தூக்குறது?"

தெய்க்கு பின்னால் திரும்பிப் பார்த்தாள். அவள் புருஷன் தோளில் ஏற்கெனவே கண் தெரியாத அவனுடைய அப்பா இருந்தார்.

"நீங்க போங்க தெய்க்கு. சரிவுக்கு அந்தப் பக்கம் ஓடை இன்னும் ஓடுது. நான் வாய்க்கால் வெட்டித் தண்ணியை இந்தப் பக்கம் திருப்பப் போறேன்."

"ஒத்தை ஆளாவா? நடுவுல பாறை கிடக்கே அண்ணி!"

"பாறை கிடக்குதுதான். அதை என்ன பண்ணுறதுன்னு அங்க போய்ப் பாத்துக்கறேன்."

தெய்க்கு அழுதுகொண்டே இறங்கிப் போனாள். நெக்காவல் அன்றே தோண்டுகழியைக் கூர்தீட்டி எடுத்துக்கொண்டு மேலே ஏறினாள்.

மண் அவளுக்கு வழிவிட்டது. சரளைக் கல்லும் மெல்ல வழிவிட்டது. வழிவிடாதது வயிறுதான். தோண்டுகிற நாளில் அடுப்பைப் பார்க்க ஆள் இல்லை. பயறு வேகப் பகல் முழுக்க வேண்டும், பக்கத்தில் ஆள் இருந்து விறகு தள்ள வேண்டும், தண்ணீர் வற்ற வற்ற ஊற்ற வேண்டும். மசாத் எழுந்து உட்காரவும் முடியாமல் பாயில் கிடந்தான். பட்டினியோடு தோண்டினால் பாதி நாளிலேயே கை ஓய்ந்து கழி நழுவியது. அதனால் ஒரு நாள் சமைத்தாள், ஒரு நாள் தோண்டினாள். சமைத்த நாளில் இருவரும் வயிறாரத் தின்றது போகப் பாதிப் பானை மிஞ்சும். நாளைக்கு இது இருந்தால் போதுமே என்று அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, "நேரமாச்சு" என்று அவை கிளம்பிவிடும்.

இப்படியே போனால் வாய்க்கால் வருவதற்குள் சோளம் செத்துவிடும் என்பது அவளுக்குத் தெரிந்தது. இலைகள் ஏற்கெனவே சுருட்டிக்கொண்டு நின்றன.

ஒரு நாள் அந்தி மயங்குகிற நேரத்தில் அவள் வாசலுக்குக் குறுக்கே உட்கார்ந்துகொண்டாள்.

பயறுகள் உருண்டு வந்து அவள் மடியில் மோதி நின்றன. அவற்றில் பெரியதாக இருந்த ஒன்று, "வழியை விடு" என்றது.

"விட மாட்டேன். எனக்கு நாளைக்கும் சாப்பாடு வேணும்."

"ஒப்பந்தம் ஒரு நாளைக்குத்தான். நெருப்பில் ஒரு தடவைதான் இறங்குவோம். மிஞ்சினவங்க மண்ணுக்குத் திரும்பிடுவோம். எங்களுக்கும் வம்சம் இருக்கு. நாங்க போய் முளைக்க வேண்டாமா?"

நெக்காவல் அந்தப் பெரிய பயற்றைக் குனிந்து பார்த்தாள். அது பொய் சொல்லவில்லை. அதை முழுக்க முழுக்க நம்பிக்கொண்டுதான் இத்தனை அவசரமாகக் கிளம்பியிருந்தது.

"முளைச்சவங்க யாரையாவது பாத்திருக்கியா?" என்று கேட்டாள்.

"போனவங்க எப்படித் திரும்பி வந்து சொல்லுவாங்க?"

அவள் அதை உள்ளங்கையில் எடுத்துக்கொண்டு எழுந்தாள். மற்றவை பின்னாலேயே உருண்டு வந்தன. கொல்லையில், முந்தைய தடவை பயறுகள் புகுந்த இடத்தைக் கையாலேயே தோண்டினாள். மண்ணுக்குள் அவை இருந்தன. தோல் நைந்து, பூஞ்சை பிடித்து, எறும்பு மொய்த்துக் கிடந்தன. அதற்கு முந்தைய இடத்தைத் தோண்டினாள். அங்கே கறுத்த தோல் மட்டும் மிச்சம். ஒரு முளை கூட இல்லை.

"நெருப்பைப் பார்த்த விதை முளைக்காது. பச்சையா நான் விதைச்சது மட்டும்தான் முளைச்சிருக்கு. இது உனக்குத் தெரியாதுன்னு எனக்கும் இப்பதான் தெரியுது" என்றாள் நெக்காவல்.

பயறுகள் அந்தக் கறுத்த தோலைச் சுற்றிக் கூடின. அப்போது பக்கத்துச் சோளத்தட்டையில் சுற்றியிருந்த கொடி வறண்ட குரலில் கேட்டது: "அங்க யாரு? நம்ம ஆளுங்களா? தண்ணி கொண்டுவந்தீங்களா?"

அவள் கையிலிருந்த பயறு அந்தக் கொடியைப் பார்த்தது. கொடியில் அப்போதுதான் பூ விட்டிருந்தது. பாதிப் பூ வாடி உதிர்ந்திருந்தது.

"உன் வாய்க்கால் வந்தா இது பிழைக்குமா?" என்று கேட்டது.

"சோளம் பிழைக்கும். சோளம் நின்னா இதுவும் நிக்கும்."

"அதுக்கு நாங்க உன்னோட நாளைக்கும் இருக்கணும்."

"நாளைக்கும் இருக்கணும், அதுக்கு மறுநாளும் இருக்கணும்."

"இருக்க எங்களுக்கு மனசு வந்துடுச்சு" என்றது பயறு. "ஆனா உடம்பு கேக்காது. காத்து பட்டா உருளுற உடம்பு இது. இப்பவே பாரு, உன் கையில நிக்க முடியாம ஆடிக்கிட்டு இருக்கேன்."

உண்மைதான். அவள் விரல்களை மடக்கிப் பிடித்திருந்தாள். சுற்றியிருந்தவை பேச்சைக் கேட்டுக்கொண்டே சரிவில் நழுவிக்கொண்டிருந்தன.

"அப்போ இந்த உருண்டை உடம்பு உங்களுக்கு இல்லாம இருக்கணும்" என்றாள் நெக்காவல்.

நசுக்குவதைத்தான் அவள் சொல்கிறாள் என்பது பயற்றுக்குப் புரிந்தது.

"வலிக்குமா?"

"தெரியாது. உன்கிட்டப் பொய் சொல்ல மாட்டேன்."

"அதுக்கப்புறம் பேசுவோமா?"

"அதுவும் தெரியாது."

பயறு கீழே நழுவிக்கொண்டிருந்தவற்றைப் பார்த்தது. "எல்லாரையும் நசுக்கிடாதே. கொஞ்சம் பேரை முழுசா விட்டு வை. நசுங்கினவங்க இவங்களைப் பிடிச்சு நிறுத்திக்குவாங்க. நாங்க யாருன்னு பாக்கறவங்களுக்குத் தெரியணும்."

"சரி" என்றாள். "நான் இருக்கிற வரைக்கும் அப்படித்தான் செய்வேன். எனக்குப் பின்னால வர்றவங்களுக்கும் சொல்லிவைப்பேன்."

முந்தானையில் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். சட்டியில் கொட்டி, மரக்கட்டையை எடுத்து, தன் கண்ணை மூடிக்கொள்ளாமல் மசித்தாள். முதல் தடவை கட்டை இறங்கியபோது ஒரு சின்னச் சத்தம் வந்தது. அதற்குப் பிறகு சத்தமே இல்லை. பாயில் கிடந்த மசாத், அவள் கன்னத்தில் கண்ணீர் வழிவதையும் கை நிற்காததையும் பார்த்தான்.

மறுநாள் காலையில் சட்டியைத் திறந்தால், மசியல் காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஓரத்திலிருந்து உதிர்ந்த துணுக்குகள் ஒவ்வொன்றாகச் சுருண்டு, குருட்டுத்தனமாக, வாசலைப் பார்த்து உருண்டுகொண்டிருந்தன.

நெக்காவல் சட்டிக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அத்தனை பேசி, அத்தனை பேரை நசுக்கி, கடைசியில் இதுதானா என்று இருந்தது அவளுக்கு. தோண்டுகிற முறை வந்தும் அவள் கழியைத் தொடாமல் இருந்தது அன்றுதான் முதல் தடவை.

மசாத்தான் பேசினான். "நெக்கா, அந்தக் கொழுப்புச் சாடியை எடு."

"கால் தேய்க்கவா? இரு, வர்றேன்."

"காலுக்கு இல்ல. அடுப்பை மூட்டு. கொழுப்பைச் சட்டியில ஊத்து. எண்ணெய்ப் பசை இல்லாம எது ஒட்டும்?"

"மருந்து அது. தேய்க்கலைன்னா உன் கால் விறைச்சுப் போயிடும்."

"கால் விறைச்சா நொண்டி நடப்பேன். கொல்லை காய்ஞ்சா ரெண்டு பேருமே நடக்க மாட்டோம். ஊத்து."

அவள் சாடியை எடுத்துவந்தாள். பிறகு அடுப்பை மூட்டினாள். கொழுப்பு உருகிப் புகைய ஆரம்பித்ததும், உதிர்ந்த துணுக்குகளைக் கூடப் பொறுக்கியெடுத்து, மசியலை அள்ளி அதில் போட்டாள். சொய்யென்று பெருஞ்சத்தம் எழுந்தது. மசியல் கொழுப்பைக் குடித்தது. வெடிப்புகள் மூடிக்கொண்டன. கட்டையால் திரும்பத் திரும்ப மசித்துப் புரட்டப் புரட்ட, சட்டியின் பக்கங்களை விட்டு விலகி ஒரே திரளாகச் சேர்ந்தது. நடுவே அங்கங்கே முழுப் பயறுகள் தெரிந்தன. வீடு முழுக்க அதுவரை அந்த மலையில் யாரும் முகராத ஒரு வாசனை.

ஆறவிட்டார்கள். காற்று அடித்தது. எதுவும் உருளவில்லை. அந்தி வந்தது. எதுவும் "நேரமாச்சு" என்று சொல்லவில்லை. மறுநாள் காலையிலும் அது சட்டியில் அப்படியே இருந்தது. தொட்டு நாக்கில் வைத்த நெக்காவல், முந்தின நாளைவிட நன்றாக இருக்கிறதே என்று இன்னொரு விரல் எடுத்தாள்.

அதன்பின் வேலை மாறிப்போனது. ஒரு நாள் பெரிய பானையில் வேகவைத்துவிட்டு, அவள் தொடர்ந்து பல நாள் மலைக்குப் போனாள். இப்போது உட்காருமளவு தேறியிருந்த மசாத்தின் பாயை அடுப்புக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். காலை நீட்டியபடியே அவன் காலையில் கொஞ்சம் கொழுப்பைச் சூடாக்கி மசியலைப் புரட்டி, சோள அடையில் தடவிச் சுருட்டி அவளுக்குக் கட்டிக்கொடுத்தான். அவள் வாய்க்கால் கரையிலேயே உட்கார்ந்து தின்றுவிட்டு மறுபடி கழியை எடுத்தாள். அந்தி வரை அது நழுவவில்லை. பாறை வந்தபோது அதன்மேல் விறகை அடுக்கி எரித்துச் சூடேற்றினாள். ஓடைத் தண்ணீரைக் குடத்தில் சுமந்துவந்து கொட்டினாள். பாறை விரிசல் விட்டது. விரிசலில் கழியைச் செருகி நெம்பினாள்.

பாறை பாதி பிளந்திருந்தபோது கீழேயிருந்து குரல் கேட்டது. தெய்க்குதான். கீழ்நாட்டுக்காரர்கள் இடமில்லை என்று விரட்டிவிட்டார்களாம். பின்னால் இன்னும் இரண்டு குடும்பங்கள், எல்லாம் வாடிய முகங்கள்.

"அண்ணி, திட்டுறதா இருந்தா திட்டிடுங்க" என்றாள் தெய்க்கு.

"திட்ட நேரமில்ல. முதல்ல கீழ போய்ச் சாப்பிடுங்க. அடுப்பு எரியலைன்னாலும் சட்டியில சாப்பாடு இருக்கும்."

"அடுப்பு எரியாம ஏது சாப்பாடு?"

"போய்ப் பாருங்க."

போய்ப் பார்த்தார்கள், தின்றார்கள், சட்டியை வழித்து நக்கினார்கள். பிறகு எல்லோருமாகக் கழியோடு மேலே வந்தார்கள்.

சோளத்தில் கடைசிப் பச்சை இருந்தபோது தண்ணீர் கொல்லைக்குள் நுழைந்தது. முதலில் நுரையும் சருகுமாக, பிறகு தெளிவாக. கொடியின் வேருக்கு அது போய்ச் சேர்ந்ததை நெக்காவல் முட்டிபோட்டு உட்கார்ந்து பார்த்தாள். கொடி அவளிடம் ஏதாவது சொல்லும் என்று காத்திருந்தாள். அது எதுவும் சொல்லவில்லை. அந்தக் கொடி மட்டுமல்ல, வேறு எந்தப் பயறும் அதற்குப் பிறகு பேசவில்லை. ஆனால் உதிர்ந்த பூக்கள் இருந்த கணுவிலெல்லாம் புதுப் பூ விட்டது. காய் பிடித்தது. மசாத் அந்த அறுவடைக்குக் கோலை ஊன்றி நொண்டிக்கொண்டே வந்தான். கடைசிவரை அவன் அப்படித்தான் நடந்தான். சாடிக் கொழுப்பைப் பற்றி ஒரு நாளும் அவன் வருத்தப்பட்டுச் சொன்னதில்லை.

அன்று முதல்தான் பயறு எத்தனை நேரம் ஆனாலும் பானையை விட்டுப் போவதில்லை. அன்று முதல்தான் அந்த நாட்டு மக்கள் அதை முதலில் தண்ணீரில் வேகவைத்து, அப்புறம் கொழுப்பில் போட்டு மசித்து, மறுபடி அடுப்பேற்றுகிறார்கள். எவ்வளவு அவசரமானாலும் சரி, கை தேர்ந்தவர்கள் யாரும் அதை விழுதாக அரைத்துவிடுவதில்லை. சட்டியை இறக்கும்போது குனிந்து பார்த்து, முழுப் பயறுகள் கொஞ்சம் கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் கட்டையைக் கீழே வைப்பார்கள்.