இருநூறு கோமதி

"டீச்சரம்மா, இந்தக் கம்ப்யூட்டருக்கு ஒரு பேருக்கு மேல தெரியாதுங்களா?"

கேட்டவர் மாரியம்மன் கோயில் பூசாரி பொங்கியண்ணன். அறுபது வயதில் கம்ப்யூட்டர் வகுப்புக்கு நிரல் எழுதக் கற்க வந்தவர். கற்றுத்தரும் மேகலாவுக்கு இருபத்தாறு. குருவுக்கு வயது எதற்கு?

கோயில் திருவிழாவுக்கு இருநூறு குடும்பங்களுக்கும் அவரவர் பெயர் போட்டு அழைப்பு அனுப்ப, அவரே ஒரு நிரல் எழுதினார். வேலியில் போன ஓணானை வேட்டிக்குள் விட்டுக்கொண்டார். இருநூறும் ஒழுங்காய்ப் போய்ச் சேர்ந்தன, இருநூறிலும் "அன்புள்ள கோமதி." பட்டியலில் முதல் பெயர் அது.

ஊரே சிரித்தது. ரங்கம்மாள் மட்டும் சிரிக்கவில்லை.

"நாப்பது வருசமா எனக்குத் துன்னூறு குடுக்கறவருக்கு எம்பேரு மறந்து போச்சா?" என்று கேட்டவர், இரண்டு வெள்ளியாகக் கோயில் படி ஏறவில்லை. பூசாரிக்குச் சோறு இறங்கவில்லை.

நாளைக்குள் சரியான அழைப்பு போயாக வேண்டும்.

மேகலா திரையைப் பார்த்தாள். தவறு தெரிந்தது. சொல்லவில்லை. பக்கத்தில் படித்துக்கொண்டிருந்த இரண்டு பெண்களை எழுப்பித் தன்னோடு வரிசையில் நிறுத்தினாள்.

"ஐயா, எங்க மூணு பேருக்கும் ஒரு அர்ச்சனை."

"இங்கயா?"

"இங்கதான்."

பழக்கம் விடுமா? கண்ணை மூடினார்.

"பேரு சொல்லுங்க."

"மேகலா."

"நட்சத்திரம்?"

"பூரம்."

"பூர நட்சத்திரத்துல பொறந்த மேகலா, நோய்நொடி இல்லாம நல்லா இருக்கோணும் தாயே."

அடுத்த பெண்ணிடம் திரும்பினார். மேகலா குறுக்கே கையை நீட்டினாள்.

"அதான் சொல்லியாச்சே. இவங்களுக்கும் அதையே வெச்சுக்குங்க."

பூசாரிக்குக் கோபம் வந்துவிட்டது.

"அதெப்படிங்க? ஆள் மாறுனா மொதல்லருந்து சொல்லோணுமுங்க! ஒவ்வொருத்தரா முன்னால நிறுத்தி, பேரைக் கேட்டு, அப்பறந்தான்..."

திரையைத் திரும்பிப் பார்த்தார்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பெயரை வைத்து வாக்கியத்தைக் கட்டும் வரி, ஒரே ஒரு முறை மட்டும் ஓடும்படி மேலே தனியாக இருந்தது. பட்டியலிலிருந்து பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சுற்றி வரும் இடம் அதற்குக் கீழே. அந்த வரியை வெட்டி, சுற்றுக்குள் வைத்தார். அனுப்பும் முன் ஒருமுறை ஓட்டிப் பார்த்தார்.

அன்புள்ள கோமதி. அன்புள்ள துரைசாமி. அன்புள்ள சரசு.

பெயர்கள் மேலே ஏறிக்கொண்டே போயின. பூசாரியின் முகம் மலர்ந்தது.

அன்புள்ள ரங்கம்மாள்.

"டீச்சரம்மா, அந்த ஒண்ணை மட்டும் எடுத்துருங்க."

"ஏனுங்க ஐயா? சரியாத்தானே வந்திருக்கு?"

"அங்க நானே போறனுங்க."