எருக்கமாலை போட்ட அரண்மனை

மங்கலக்கோட்டையைப் பரிதிவர்மர் ஆண்டபோது, ஒரு வருஷம் ஊரைச் சுற்றி எருக்கம்பூவே கிடைக்காமல் போயிற்று. மழை தவறியதால் அல்ல. கலியவரதர் அரண்மனை அதிகாரியாக வந்ததுதான் காரணம்.

அந்த அரண்மனையில் பழைய வழக்கம் ஒன்று இருந்தது. வேலையில் தப்பு செய்தவர் கழுத்தில் அதிகாரி எருக்கமாலை போடுவார். மாலை விழுந்தவர் பொழுது சாயும்வரை முன்முற்றத்தில் நிற்கவேண்டும். எந்த வேலையையும் தொடக்கூடாது. அவருடைய அன்றைய வேலைக்கு அதிகாரியே பொறுப்பு. மூன்றாவது மாலை விழுந்தால் அன்று சாயங்காலமே அரண்மனையை விட்டுக் கிளம்பிவிட வேண்டியதுதான். நடுவில் அதிகாரியே மனம் இரங்கிக் கழற்றிவிட்டால் அந்த மாலை விழாத மாலை, கணக்கில் சேராது.

முன்பெல்லாம் வருஷத்துக்கு இரண்டு மாலை விழுந்தாலே பெரிய பேச்சு. கலியவரதர் வந்தபின் நாளுக்கு இரண்டு விழுந்தது. கவரி வீசும் செண்பகவல்லி கொட்டாவி விட்டாள் என்று ஒன்று. தோட்டக்காரர் செருப்பைத் தெற்குப் பார்த்துக் கழற்றிவைத்தார் என்று ஒன்று. யானை தன்னைப் பார்த்துத் தும்பிக்கை தூக்கவில்லை என்று பாகனுக்கு ஒன்று. நிற்பவர்களின் வேலையை அக்கம்பக்கத்தில் இருப்பவர் தலையில் கட்டிவிட்டு, மனிதர் மீசையைத் தடவிக்கொண்டு உலாவுவார். மன்னரிடம் முறையிடவும் வழியில்லை. "உம் தண்டனைகளில் நான் தலையிடமாட்டேன்" என்று பதவி கொடுத்த அன்றே அவர் வாக்குக் கொடுத்துவிட்டார்.

அவையில் மன்னரைச் சிரிக்கவைப்பது சேந்தனின் உத்தியோகம். ஒருநாள் சாயங்காலம் மடைப்பள்ளித் தலைவர் அம்மையப்பர் அவன் வீட்டுக்கு வந்தார். அன்று அவர் வைத்த ரசத்தின் வாசனை அவைக்குள் போய்விட்டதாம். ஒரு மந்திரியின் வயிறு எல்லோர் காதிலும் விழும்படி கடகடவென்று சத்தம் போட்டதாம். அவையின் மானமே போயிற்று என்று, காலையில் வந்து மாலை வாங்கிக்கொள்ளச் சொல்லியிருந்தார் கலியவரதர். அது அம்மையப்பருக்கு மூன்றாவது.

"முப்பது வருஷம் ஐயா. நாளைக்குச் சாயங்காலம் எங்கே போவேன்?" என்றார்.

சேந்தனுக்கு எதிலும் ஒரு வேடிக்கை தென்படும். இதில் தென்படவில்லை. நல்ல ரசம் வைத்ததற்கு ஒரு மனிதரைத் தெருவில் விடுவதா என்று அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவரை உட்காரவைத்து மோர் கொடுத்துவிட்டு, அரண்மனை ஆட்களின் வீடுகளுக்கு ஒவ்வொன்றாக நடந்தான்.

மறுநாள் விடிந்தபோது முன்முற்றத்தில் கலியவரதர் முன்னால் வரிசை நின்றது. முதலில் அம்மையப்பர் மாலையை வாங்கிக்கொண்டார். அடுத்து நின்ற குதிரைக்காரர், நேற்று அதிகாரியைக் கேட்காமல் தும்மிவிட்டதாக ஒப்புக்கொண்டார். தண்ணீர் சுமப்பவர் அதிகாரியின் நிழலை மிதித்துவிட்டாராம். வாயிற்காவலரின் குற்றம்தான் கொடியது. கனவில் அதிகாரி வந்தாராம். இவர் எழுந்து நிற்கவில்லையாம்.

கலியவரதருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பயம் வந்தால் ஒழுக்கம் தானே வரும் என்று சொல்லிச் சொல்லி மாலை போட்டார். கடைசியில் சேந்தன் வந்து, மன்னரைச் சிரிக்கவைத்து அவையின் அமைதியைக் கெடுத்துவிட்டதாகத் தலைகுனிந்தான். அவனுக்கென்று நல்ல கனமான மாலையாகப் பார்த்து எடுத்தார்.

"அப்புறம், மன்னர் குளிக்க வெந்நீர் வைக்கவேண்டும்" என்றான் சேந்தன்.

"யாரையாவது வைக்கச் சொல்."

"எல்லோரும் முற்றத்தில் நிற்கிறோம் ஐயா. வேலையைத் தொட்டால் அது வேறு குற்றம். மாலை போட்ட தாங்கள்தான் பொறுப்பு."

அப்போதுதான் கலியவரதர் சுற்றிலும் பார்த்தார். மாலை இல்லாத கழுத்து ஒன்றுகூட இல்லை.

வெந்நீர் காய்வதற்குள் குதிரைகள் கனைத்தன. புல் போடப் போனால் அடுப்பு அணைந்தது. யானை மட்டும் இவரைப் பார்த்ததும் தும்பிக்கையைத் தூக்கியது, பசியில். நடுப்பகலில் குளியலும் இல்லாமல் சாப்பாடும் இல்லாமல் மன்னர் முற்றத்துக்கு வந்தார். அரண்மனையே எருக்கமாலையோடு நின்றது. இடுப்பில் ஒரு குடமும் தோளில் ஒரு புல்லுக்கட்டுமாகக் கலியவரதர் ஓடிக்கொண்டிருந்தார்.

"இது என்ன கூத்து?" என்றார் மன்னர்.

"அரண்மனையில் தப்பே செய்யாதவர் இவர் ஒருவர்தான் மகாராஜா. அதனால் வேலையெல்லாம் இவரே செய்கிறார்" என்றான் சேந்தன்.

மன்னர் ஒவ்வொருவராக விசாரித்தார். தும்மல், நிழல், கனவு, ரசம் எல்லாம் வெளியே வந்தன. சேந்தனின் குற்றத்தைக் கேட்டதும் அதிகாரி பக்கம் திரும்பினார்.

"சிரிக்கவைத்தவனுக்கு மாலை என்றால், சிரித்தவனுக்கு? நேற்று எல்லோரையும்விட உரக்கச் சிரித்தது நான். உம் நீதியில் தலையிடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். போடும்."

மன்னர் கழுத்தை நீட்டிவிட்டார். மறுக்கவும் முடியவில்லை, ஓடவும் முடியவில்லை. கலியவரதர் மாலையைப் போட்டார். மன்னர் போய்ச் சேந்தன் பக்கத்தில் நின்றுகொண்டார்.

சேந்தன் பணிவாகச் சொன்னான்: "ஐயா, இன்று ராஜாங்க வேலையும் உங்கள் பொறுப்பு. அயல்நாட்டுத் தூதர் காத்திருக்கிறார். எல்லைத் தகராறு ஒன்று தீர்ப்புக்கு நிற்கிறது. அதற்கெல்லாம் முன்னால் அந்தப்புரம் போய்வாருங்கள். நேற்று மகாராணியின் பிறந்தநாள். மகாராஜா மறந்துவிட்டார். பதில் சொல்லவேண்டியது நீங்கள்தான்."

குடம் கீழே விழுந்து உடைந்தது. கலியவரதர் பாய்ந்து போய் முதலில் அம்மையப்பரின் மாலையைக் கழற்றினார். பிறகு குதிரைக்காரர், காவலர், செண்பகவல்லி என்று வரிசையாகக் கழற்றினார். இனி ஒருவர் கழுத்திலும் போடமாட்டேன் என்று கேட்காமலே சத்தியம் செய்தார். அம்மையப்பர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்பு மூட்டப் போனார். கடைசியாக அதிகாரி மன்னரிடம் வந்து கையை நீட்டினார்.

மன்னர் மாலையை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டார்.

"இது கொஞ்ச நேரம் இருக்கட்டும். நீர் முதலில் அந்தப்புரம் போய்வாரும்."