மைனா கேட்காத பாடம்

ஏரிக்கரையில் ஒரு மருதமரம். அதன் பொந்தில் பவுனு என்ற மைனாவும் அதன் ஒரே குஞ்சு சீனியும் குடியிருந்தன. அப்பா மைனாவைப் பருந்து கொண்டுபோய்விட்டது. அதனால் இரை தேடுவதும் பவுனுதான், வீட்டைக் காப்பதும் பவுனுதான், பிள்ளைக்குப் பாடம் சொல்ல வேண்டியதும் பவுனுதான்.

மைனாக்களுக்கு முதல் பாடம் கூப்பிடு குரல். ஒவ்வொரு தாய்க்கும் தனிக் குரல் உண்டு. பறக்கப் பழகிய குஞ்சுகள் பொந்தை விட்டுவிட்டு, எல்லா மைனாக்களும் அடையும் பெரிய ஆலமரத்துக்குப் போக வேண்டும். பொழுது சாயும்போது அங்கே எழும் கூச்சலில் தன் தாயின் குரலைப் பிரித்தறிந்த குஞ்சு, தாயின் இறக்கைக்குள் தூங்கும். அறியாத குஞ்சுக்கு ஆந்தைதான் துணை!

ஆனால் பவுனுவுக்கு நேரம் எங்கே இருந்தது? விடிந்தால் மேய்கிற மாடுகளின் பின்னால் ஓடி வெட்டுக்கிளி பிடிக்க வேண்டும். திரும்பி வரும்போது தொண்டை வறண்டு போயிருக்கும்.

ஒருநாள் கொண்டையன் என்ற குரங்கு பளபளவென்று சிலேட்டுப் பலகை மாதிரி ஒரு பொருளைத் தூக்கிக்கொண்டு வந்தது. ஏரி பார்க்க வந்த குடும்பத்திடம் பிடுங்கியது அது!

"பவுனக்கா, இது டேப்! உள்ளே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ற ஆப் இருக்கு. தொட்டா பேசும், பாடும், கேள்வி கேக்கும். சரியா சொன்னா கைகூடத் தட்டும்!"

"சார்ஜ் தீர்ந்து போனா?"

"இந்த உறையில வெயில் பட்டா போதும், தானா ஏறிக்கும்."

"என் பிள்ளைக்கு நல்லா சொல்லித் தருமா?"

"உன்னைவிட நல்லா! நீ பக்கத்துலயே இருக்க வேண்டாம். இனிமே நீ வாயைத் திறக்கிற வேலையே இல்லை!"

பவுனுவுக்கு மனம் குளிர்ந்தது. பக்கத்து அத்திமரத்தில் தான் காவல் காத்துவந்த பழக்கிளையை உடனே குரங்குக்கு விட்டுக்கொடுத்தது. குரங்கு டேப்பை மரக்கவட்டையில் செருகிவிட்டு, பழம் தின்னப் போனது.

ஆப் கெட்டிக்கார ஆப். அதைக் குறை சொல்ல முடியாது. கொஞ்ச நாளில் சீனி நண்டு, நத்தை, தவளை எல்லாவற்றின் பெயரையும் சொன்னது. எண்ணப் பழகியது. மைனாப் பிள்ளை அல்லவா! டேப்பில் பாடம் சொன்ன பெண்ணின் குரலையும் அச்சு அசலாகப் பிடித்துக்கொண்டு, பகலெல்லாம் பேசிப் பேசிப் பார்த்தது. அதைக் கேட்கத்தான் பவுனு வீட்டில் இல்லை.

இரை தேடும்போதும் பவுனுவின் நினைப்பெல்லாம் பொந்தில்தான். போனதும் பிள்ளையோடு நாலு வார்த்தை பேச வேண்டும் என்று ஆசை ஆசையாகப் பறந்து வரும்.

"சீனி, அம்மா வந்துட்டேன்!"

"இரும்மா, பாட்டு முடியட்டும்!"

படிக்கிற பிள்ளையைக் கெடுக்கலாமா? பவுனு வாயை மூடிக்கொள்ளும். ஒரு தடவை திரும்பிப் பார்க்க மாட்டானா என்று ஏங்கியபடி சீனியின் முதுகையே பார்த்துக்கொண்டிருக்கும். பாட்டு முடிவதற்குள் களைப்பில் தூங்கிப் போகும்.

ஆலமரத்துக்குப் போகும் நாள் வந்தது. டேப்பை அலகில் தூக்கிக்கொண்டு போக முடியுமா? அது கவட்டையிலேயே கிடந்தது. தாயும் பிள்ளையும் கிளம்பின.

மரத்தில் இடம் பிடிப்பதற்குள் காக்கைக் கூட்டம் ஒன்று நடுவில் புகுந்து விரட்டியது. மைனாக்கள் மூலைக்கொன்றாகச் சிதறின. காக்கைகள் போனதும் தாய்கள் எல்லாம் தங்கள் பிள்ளைகளைக் கூப்பிட ஆரம்பித்தன. பவுனுவும் கூப்பிட்டது. மற்றக் குஞ்சுகள் விர்ரென்று பறந்து தங்கள் தாய்களிடம் சேர்ந்தன. சீனி மட்டும் வரவில்லை.

"என் கூப்பிடு குரலை அவனுக்குச் சொல்லிக்கொடுக்கலையே!" என்று பவுனு பதறியது. "அவனுக்குத் தெரிஞ்சது டேப்புல பேசுற குரல் ஒண்ணுதான். அந்தக் குரல்லயே கூப்பிடுறேன்!"

அலகைத் திறந்தது. ஒரு சொல்லும் வரவில்லை. மாடு மேய்ப்பவரின் சீழ்க்கையைக்கூட அப்படியே அடித்துக்காட்டுகிற மைனா அது. ஆனால் தன் பிள்ளை தினமும் கேட்ட குரலை ஒருநாளும் காதுகொடுத்துக் கேட்டதில்லை!

இருட்டிக்கொண்டு வந்தது. அப்போது கீழே தாழம்புதரிலிருந்து ஒரு பெண்ணின் குரல் கேட்டது.

"நண்டு எங்கே இருக்கிறது? தொட்டுக் காட்டுங்கள்!"

"ஐயோ, ஆள் இருக்கு!" என்று அலறியது ஒரு கிழ மைனா. "வலை போட வந்திருக்காங்க! மேலே போங்க!"

எல்லா மைனாக்களும் உச்சிக் கிளைக்கு ஏறின. பவுனு மட்டும் கீழே இறங்கியது. அந்தக் குரலின் முடிவில் ஒரு விசும்பல் இருந்ததே! வலை என்றால் வலை என்று புதருக்குள் பாய்ந்தது.

உள்ளே ஆள் யாரும் இல்லை. சீனிதான் முட்களுக்கு நடுவில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பயம் போக, தனக்குத் தெரிந்த பாடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது.

"சீனி! எத்தனை தடவை கூப்பிட்டேன்! காதுல விழலையா?"

"நிறைய அம்மாங்க கூப்பிட்டாங்க. அதுல நீ யாருன்னு எனக்குத் தெரியலைம்மா!"

பவுனு முட்களை விலக்கிக்கொண்டு பிள்ளையின் பக்கத்தில் போனது.

"பகல்ல உன்னை நினைச்சு அழுகையா வரும்மா," என்றது சீனி. "அம்மா எப்ப வரும்னு டேப்ல இருக்கிற அக்காகிட்ட தினமும் கேப்பேன். அவங்க எல்லாம் சொல்லித் தருவாங்க. அதை மட்டும் சொல்ல மாட்டாங்க."

பவுனு பிள்ளையை இறக்கைக்குள் இழுத்துக்கொண்டு, அதன் காதோரம் தன் கூப்பிடு குரலை மெல்லச் சொன்னது. சீனி அதைத் திருப்பிச் சொன்னது. கொஞ்சம் தப்பாகத்தான் வந்தது. பவுனு மறுபடியும் சொன்னது.

மறுநாள் காலை இரண்டும் மருதமரத்துக்குப் போய் டேப்பின் முன்னால் ஒட்டி உட்கார்ந்தன. "நண்டு எங்கே இருக்கிறது?" என்று டேப் கேட்டது. "வா, நிஜ நண்டையே காட்டுறேன்!" என்று பவுனு பிள்ளையை ஏரிக்கரைச் சேற்றுக்குக் கூட்டிப்போனது. அன்றைக்கு வெட்டுக்கிளி கொஞ்சம் குறைவுதான். இரண்டுமே அதைக் கவனிக்கவில்லை.

பாடத்தைக் கருவியிடம் ஒப்படைக்கலாம். பிள்ளையின் பக்கத்தில் நாம் உட்கார வேண்டிய இடத்தை ஒப்படைக்கக் கூடாது.