ஆறாவது ஆள்

மேற்கு மலைச் சரிவில் கூரன் என்ற முள்ளம்பன்றி கிழங்கு வற்றல் வியாபாரம் செய்து வந்தது. கோடையில் வள்ளிக்கிழங்கைத் தோண்டி, ஓடையில் கழுவி, சீவி, பாறையில் காயவைத்து, தன் வளைக்குள் சேர்த்து வைக்கும். மழைக்காலத்தில் மண் சேறாகி இரை கிடைக்காதபோது மான்களும் குரங்குகளும் அதன் வாசலில் வந்து நிற்கும். தேனோ பழமோ கொட்டையோ கொடுத்து வற்றலை வாங்கிப் போகும்.

கிழங்கு தோண்ட ஒரு காட்டுப்பன்றி. கழுவ ஒரு நீர்நாய். சீவ இரண்டு அணில்கள். பாறையில் காக்கை விரட்ட ஒரு மயில். ஆக, வேலைக்கு ஐந்து பேர். அதற்கு மேல் ஒரு கொசுவைக்கூடச் சேர்க்கக் கூடாது என்பதில் கூரன் குறியாக இருந்தது.

காரணம், சிங்கராஜா போட்ட சட்டம்.

மேற்குச் சரிவில் பிழைப்பு குறைவு. வருடா வருடம் பாதிப் பேர் மலை முகட்டைத் தாண்டி அடுத்த காட்டுக்கு வேலைக்குப் போய்விடுவார்கள். இது ராஜாவுக்குப் பெரிய மானக்கேடாகப் பட்டது.

"நம்ம குடிங்க அடுத்தவன் காட்டுல போய்க் கையேந்தறதா? இங்கேயே தொழில் பெருகணும்! ஏதாவது செய்!" என்று நரி மந்திரியிடம் கர்ஜித்தது.

நரி யோசித்து ஒரு சட்டம் எழுதியது. ஐந்து பேர் வரை வைத்து நடத்தினால் அது சிறுதொழில். ஓடைத் தண்ணீர் இலவசம், வரி கிடையாது. ஆறாவது ஆள் உள்ளே வந்தால் அது பெருந்தொழில். மொத்தச் சரக்கில் கால் பங்கு அரண்மனைக்கு. எண்ணிப் பார்க்க ஒரு நாரையை நியமித்தார்கள். அது நெட்டைக் காலை ஊன்றி, வளைக்கு வளை வாசலில் நின்று தலைகளை எண்ணிவிட்டுப் போகும்.

அந்தக் கோடையில் கிழங்கு நன்றாக விளைந்திருந்தது. தெற்குக் காட்டு யானைகள்கூட வற்றல் கேட்டு ஆள் அனுப்பின. இருந்த ஐந்து பேரும் விடிந்தது முதல் பொழுது அடையும் வரை ஓடியும் வேலை முடியவில்லை.

அப்போதுதான் தவிட்டி என்ற முயல் வந்தது. பின்னால் நான்கு குட்டிகள்.

"அண்ணே, எனக்கு ஒரு வேலை போட்டுக் கொடுங்க. இவங்க அப்பா போன வருஷம் முகட்டைத் தாண்டிப் போனவரு, இன்னும் திரும்பல. இங்கே வேலை கிடைக்கலேன்னா நானும் இதுகள இழுத்துக்கிட்டு அந்தப் பக்கம்தான் போகணும்."

கூரன் குட்டிகளைப் பார்த்தது. பாவமாகத்தான் இருந்தது. வேலையும் மலையாகக் குவிந்து கிடந்தது. ஆனாலும் தலையை ஆட்டிவிட்டது.

"ஆள் வேணுந்தான் தவிட்டி. ஆனா நீ ஆறாவது ஆளா இருக்கியே! உன்னைச் சேத்தா கால் பங்கு போயிடுமே!"

தவிட்டி குட்டிகளோடு ஓடைக்கரையில் போய் உட்கார்ந்துகொண்டது.

அன்று மாலையே கூரன் நரியைத் தேடிப் போனது. சட்டத்தை எழுதியவரே அதற்குள் நுழையும் சந்துபொந்தையும் காட்டுவார் என்று காட்டில் பேச்சு. போகும்போது ஒரு பொட்டலம் வற்றலும் எடுத்துப் போனது.

நரி வற்றலை மென்றுகொண்டே கேட்டது.

"இதுக்கா இவ்வளவு கவலை? மொதலாளி, உம்ம வளைக்குள்ளே குறுக்கே சுவர் வையும்! ஒரு தொழில நாலு தொழிலாக்கும்! தோண்டறது உம்ம பேர்ல ஒரு கடை. கழுவுறது வீட்டம்மா பேர்ல ஒரு கடை. சீவுறது மச்சான் பேர்ல. காயவெச்சு எடுத்து வைக்கிறது..."

"குட்டி ஒண்ணு பொறந்திருக்கு. இன்னும் கண்ணு தொறக்கல" என்றது கூரன்.

"அருமை! அதுவும் ஒரு மொதலாளி! ஒவ்வொரு கடையிலும் அஞ்சு ஆள் வெச்சுக்கலாம். ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கும். ஒரு கடை ஆள் இன்னொரு கடைச் சரக்கைத் தொடக் கூடாது. தொட்டா எல்லாம் ஒரே தொழில்னு நாரை எழுதிடும்!"

கூரனுக்கு வாயெல்லாம் பல். வீட்டுக்கு ஓடி, களிமண் குழைத்து, இருந்த ஒரே வளையை நான்கு அறைகளாகத் தடுத்தது. ஒவ்வொரு அறைக்கும் தனி வாசல் தோண்டியது. உள்ளே இருந்த குறுக்குவழியையெல்லாம் அடைத்தது.

அதன் மனைவி முள்ளாயி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏங்க, அடுப்படியிலேர்ந்து படுக்கப் போகணும்னாக்கூட மலையச் சுத்திப் போகணுமா?"

"தொழில் வளருதுடி! கொஞ்சம் நடந்தா என்ன?"

தவிட்டிக்கும் இன்னும் பலருக்கும் வேலை கிடைத்துவிட்டது. சீவும் கடையில் தவிட்டியின் பெயரைச் சேர்த்தார்கள். முன்பு வளைக்குள்ளேயே உருட்டிவிட்ட கிழங்கை இப்போது கழுவும் கடை வாசலில் வாங்கி, குன்றைச் சுற்றி ஓடி, சீவும் கடை வாசலில் சேர்க்க வேண்டும். அதுதான் தவிட்டியின் வேலை. சுவர் இல்லாவிட்டால் அந்த வேலையே இருக்காது என்பது தவிட்டிக்கும் தெரியும். ஆனால் குட்டிகளுக்குச் சாப்பாடு கிடைக்கிறதே, அது வாயைத் திறக்கவில்லை.

நாரை வந்தது. நான்கு வாசலிலும் நின்று எண்ணியது. எதிலும் ஐந்துக்கு மேல் இல்லை. அரண்மனைக்குப் போய், மேற்குச் சரிவில் ஒரே கோடையில் மூன்று புதுத் தொழில்கள் முளைத்துவிட்டதாகச் சொன்னது. ராஜா பிடரியைச் சிலிர்த்துக்கொண்டது. கூரனைச் சபைக்கு அழைத்துக் காட்டுச் செம்பருத்தி மாலை போட்டது. மாலை முட்களில் மாட்டிக்கொண்டு வீடு வரை கழலவே இல்லை.

வற்றல் மட்டும் முன்பைவிட மெதுவாகத்தான் காய்ந்து உள்ளே வந்தது. சரி, மழைக்குத்தான் இன்னும் நாள் இருக்கிறதே என்று கூரன் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டது.

ஒரு பிற்பகல் வானம் திடீரென்று கறுத்தது. காற்று சுழற்றியடித்தது. பாறை முழுவதும் வற்றல் பரப்பிக் கிடந்தது. யானைகளுக்குக் கொடுக்க வேண்டியது, மான்கள் கேட்டது, ஆட்களின் கூலி, எல்லாமே அந்தப் பாறையில்தான் காய்ந்துகொண்டிருந்தது.

காயவைக்கும் கடையின் ஐந்து பேரும் அள்ள ஆரம்பித்தார்கள். பாறையை ஒட்டியிருந்த பழைய வழி சுவரில் போய் முட்டியது. ஒவ்வொரு சுமைக்கும் குன்றைச் சுற்றி ஓட வேண்டியிருந்தது. மற்ற மூன்று கடை ஆட்களும் தங்கள் தங்கள் வாசலில் நின்று கையைப் பிசைந்தார்கள்.

தவிட்டிதான் பொறுக்க முடியாமல் ஒரு தேக்கிலையை எடுத்துக்கொண்டு பாறைக்குப் பாய்ந்தது.

"அண்ணே! எல்லாரையும் கூப்பிடுங்க! ஆளுக்கொரு கை போட்டா அள்ளிடலாம்!"

கூரன் அண்ணாந்து பார்த்தது. எதிரே இருந்த மருதமரக் கிளையில் நாரை! நேராக இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது.

"தொடாதே தவிட்டி! நீ சீவுற கடை ஆளு! நாரை பாக்குது!"

"மழை விழுதுண்ணே!"

"தெரியுது! நீ தொட்டா ஆறாவது ஆளாயிடுவே! கையை எடு!"

தவிட்டி கையை எடுத்தது. ஒரு துளி, இரண்டு துளி, அப்புறம் ஒரே கொட்டு. அத்தனை பேரும் பார்த்துக்கொண்டே நிற்க, வற்றல் ஊறி, உப்பி, கூழாகி, பாறையிலிருந்து வழிந்து ஓடைக்குப் போனது.

மழை விட்டதும் நாரை இறங்கி வந்து சிறகை உதறியது. கூரன் ஓடிப்போய்க் கேட்டது.

"ஐயா, ஒரு ஆளும் கூடுதலாத் தொடல. பாத்தீங்கல்ல? நல்லா எண்ணினீங்கல்ல?"

நாரை வியப்போடு பார்த்தது.

"கொட்டுற மழையில யாருய்யா தலையை எண்ணுவாங்க? நான் ஒதுங்க எடம் தேடி வந்தேன். உமக்கு நாலு வாசல் இருக்கே, எதுக்குள்ளே நுழையறதுன்னு பாத்துக்கிட்டிருந்தேன்!"

கூரன் அங்கேயே உட்கார்ந்துவிட்டது.

கூலி கொடுக்க வற்றல் இல்லை. ஆட்கள் ஒவ்வொருவராக முகட்டைப் பார்த்து நடந்தார்கள். கூரன் நரியிடம் போய் அழுதது.

"இதுக்கா அழறீர்? அடுத்த வருஷம் எட்டுக் கடையாப் பிரிச்சிடுவோம்!" என்றது நரி. இந்த முறை பொட்டலம் எங்கே என்றும் கேட்டது.

கூரன் திரும்பி நடந்தது. கால் பங்கு போய்விடுமே என்று பயந்து முழுப்பங்கையும் மழைக்குக் கொடுத்தது அப்போதுதான் அதற்கு உறைத்தது. வீட்டுக்கு வந்து முதல் சுவரை முட்டி உடைத்தது. பிறகு இரண்டாவதை. முள்ளாயி மூன்றாவதை உடைத்துப் போட்டது.

பிறகு கூரன் முகட்டுப் பாதையில் மூச்சிரைக்க ஓடியது. பாதி மலையில் தவிட்டி, கடைசிக் குட்டியைக் கவ்விக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தது.

"தவிட்டி! நில்லு! திரும்பி வா!"

தவிட்டி குட்டியைக் கீழே விட்டது.

"எந்தக் கடைக்குண்ணே? எந்த வாசலுக்கு?"

"ஒரே வாசல்தான். உள்ளே வந்தா எல்லாரும் எல்லாத்தையும் தொடலாம்."

"நான் ஆறாவது ஆளாச்சே!"

"ஆமா. அதான் கூப்பிட வந்தேன்."

பெருமழைக்கு இன்னும் சில வாரங்கள் இருந்தன. முகட்டைத் தாண்டாதவர்களையெல்லாம் கூரன் சேர்த்துக்கொண்டது. கிழங்கு வளைக்குள் நேராக உருண்டது. வானம் கறுத்த போதெல்லாம் எல்லோரும் ஓடிவந்து அள்ளினார்கள். ராஜாவின் ஆட்கள் வந்து கால் பங்கை வாரிக்கொண்டு போனபோது கூரனுக்கு வயிறு எரியத்தான் செய்தது. ஆனால் மீதி முக்கால் பங்கு, பழைய ஐந்து பேரால் ஒரு கோடையிலும் சேர்க்க முடியாத அளவுக்கு இருந்தது.

ஆள் சேர்த்த முதல் வாரமே நாரை வழக்கம்போல வாசலில் வந்து நின்றிருந்தது.

"ஆறு... ஏழு... எட்டு... என்னய்யா இது!"

"நல்லா எண்ணுங்க ஐயா! இன்னும் ரெண்டு பேர் கிழங்கு தோண்டப் போயிருக்காங்க. அவங்களையும் சேத்துக்குங்க!" என்றது கூரன்.

நீதி: சலுகை போய்விடுமே என்று தன் தொழிலைத் தானே குறுக்கிக்கொள்பவன், ஒருநாள் அந்தத் தொழிலையே இழந்து நிற்பான்.